மெனுவின் முதல் வரி

பூலி,
அக்டோபர் 3, செவ்வாய்

அன்பு மகள் வான்சிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, பலகாரக் கடையைத் திறந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த ஹாலந்துக் குளிரில் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஊதுவத்தி ஏற்றும்போது உன் பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் சோயாப்பாலைக் காய்ச்ச என்னை விடுவதில்லை, "நீ காய்ச்சினா அடி புடிச்சுடும், தள்ளு" என்கிறார். நிலா விழாவுக்கு உன் பெரியப்பா ஒரு சாக்கு நிறைய பம்ப்ளிமாஸ் கொண்டுவந்து இறக்கினார், தின்ன ஆளில்லாமல் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். மே மாதத்திலிருந்து நீ என் ஃபோனை எடுப்பதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், தபால் ஆபீஸ் ஜிங்-யி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். "அத்தை, என்னையப் பத்தி நாலு வார்த்த நல்லதா எழுதுங்க" என்று சிரித்துக்கொண்டே போயிருக்கிறாள் பாவம், இதைப் படித்தபிறகு என் முகத்தில் விழிப்பாளோ மாட்டாளோ தெரியாது.

உன் தம்பி ஆ-யுவே மலையேறி எழுதிவந்த பிளாக்கில் நான் கை வைத்தது உனக்குப் பிடிக்கவில்லை. அவன் எப்படி விட்டுப்போனானோ அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்தைத் தொடாதே என்று பாஸ்வேர்டு கொடுக்கும்போதே சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. அவன் கண்மூடிய இந்த மூன்று வருஷத்தில் அங்கே வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள், நீ கவனித்திருக்க மாட்டாய், நான் தினம் எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னூட்டத்தில் சிலர், அண்ணே உங்க அருவி வழிப் பதிவு எங்க இருக்கு, தேடித் தேடிக் கண்ணு போச்சு என்று எழுதியிருந்தார்கள். பெற்ற வயிறு கேட்குமா? ஜிங்-யி பன்னும் முட்டை ரொட்டியும் வாங்க வரும்போது அவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். பிளாக்குக்கு மேலே மெனு போட்டால் வருகிறவர்கள் நேராகப் போய்விடுவார்கள் என்றாள். பதிவுகளின் பட்டியலில் வேண்டியதற்கு டிக் அடி, மெனுவில் சேர், பெயர் வை, பிடித்து இழுத்து மேலேயோ கீழேயோ விடு, சேமி, அவ்வளவுதான் என்றாள். நான் தொடவே பயந்ததைப் பார்த்து, "முட்ட ரொட்டி சுத்துற கைக்கு இதெல்லாம் ஒரு வித்தையா அத்தை, புடிச்சு இழுங்க, ஒண்ணும் ஒடஞ்சுடாது" என்று கிண்டல் வேறு. மார்ச் மாதம் நான்கு வரி போட்டேன். அருவி வழி, தண்ணீர் கிடைக்கும் இடங்கள், ஆ-யுவே சமைத்தது, ஆ-யுவே சிரிக்கிறான். நான்காவது வரியைப் பார்த்துத்தான் உனக்கு ஆத்திரம் பொங்கியிருக்கும். மே மாதம் நீ மெனுவை எடுத்துவிட்டாய், பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாய். "அவன வெச்சு கட நடத்துறியாம்மா" என்று கேட்டாய் பார், அந்த வார்த்தை இன்னும் முள்ளாகத்தான் குத்துகிறது. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றி இல்லை.

போன மாதம் பத்தாம் தேதி, கூட்டம் ஓய்ந்து நான் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள் உள்ளே வந்தாள், என் வயதுதான் இருக்கும், சாம்பல் நிறச் சட்டை. தாய்ச்சுங்கிலிருந்து பஸ் பிடித்து, ஊருக்குள் நாலு பேரிடம் விசாரித்து வந்திருக்கிறாள். பெயர் லியாவ். பிளாக் எழுதுகிற ஆ-யுவேயின் வீடு இதுதானா என்று கேட்டாள். அவள் மகன் போ-ஹான், இருபத்தாறு வயது, ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். ஏப்ரலில் கல்லறை சுத்தம் செய்யும் விடுமுறையில் அருவி வழியில் தனியாக ஏறியவன், மேல் ஓடையில் மண் சரிந்த இடத்தில் விழுந்திருக்கிறான். மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்களாம். அவள் சண்டைக்கு வரவில்லை வான்சி. சண்டைக்கு வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "எம் புள்ள கடைசியாப் பாத்த எடம் எப்படிங்க இருக்கும், அழகா இருக்குமா, உங்க பையன் போயிருக்காரே, அவருகிட்டக் கேட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். அவனும் இல்லைங்க என்றேன். அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள், போ-ஹானின் மேஜையில் இருந்தவை, ஆ-யுவேயின் பதிவை அச்செடுத்துக் கோடு போட்டுப் படித்திருக்கிறான். முதல் பக்கத்தின் உச்சியில் வரிசையாக நான்கு பெயர்கள். அருவி வழி, தண்ணீர் கிடைக்கும் இடங்கள், ஆ-யுவே சமைத்தது, ஆ-யுவே சிரிக்கிறான். என் மெனு. நான் வைத்த பெயர்கள். அருவி வழி என்பதைச் சுற்றி அந்தப் பிள்ளை சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தான்.

அப்போதும் எனக்கு முழுதாகப் புரியவில்லை, விபத்து யாருக்கும் நடக்கும் என்றுதான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அவளுக்குச் சோயாப்பாலும் முட்டை ரொட்டியும் கொடுத்தேன், முழுவதும் சாப்பிட்டாள், எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் கடையைச் சாத்திவிட்டு ஆ-யுவேயின் பதிவுகளை ஒன்றுவிடாமல் படிக்க உட்கார்ந்தேன். உனக்குத் தெரியாது, நான் இத்தனை நாளும் அவன் படம் இருக்கும் பதிவுகளை மட்டும்தான் திறந்திருக்கிறேன். எழுத்து மட்டும் இருந்தால் தள்ளிக்கொண்டு போய்விடுவேன், எனக்கு வழியும் வேண்டாம் உயரமும் வேண்டாம், அவன் முகம் போதும். மெனுவில் முதலில் வைத்த அந்த அருவிப் பதிவும், தண்ணீரில் நனைந்து பல்லெல்லாம் தெரிய நிற்கிறானே, அந்தப் படத்துக்காகத்தான் வைத்தேன். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவன் ஒரு சின்னப் பதிவு போட்டிருக்கிறான். படம் இல்லை. ஒன்பது வரி. மழையில் மேல் ஓடைக்கரை முழுவதும் போய்விட்டது, நான் முன்பு எழுதியதை நம்பி யாரும் அந்த வழியில் ஏற வேண்டாம், கேட்க நினைத்து என்னைப் பிடிக்க முடியாவிட்டால் என் அம்மாவின் கடைக்கு ஃபோன் செய்யுங்கள், அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதி நம் கடை நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

சொல்லித்தான் வைத்திருந்தான் வான்சி. படித்ததும் அப்படியே கண்முன் வந்தது. அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அம்மா, யாராச்சும் அருவி வழி கேட்டா போகவே கூடாதுன்னு சொல்லிடு, மறந்துடாதே" என்றான். "சரிடா சரிடா, முட்ட கருகுது, நகரு" என்றேன் நான். அவன் போகாதே என்று எழுதிய பதிவை ஆழத்தில் விட்டுவிட்டு, போ என்று எழுதியதைத் தூக்கி வாசலில் வைத்தது நான். நீ கை வைக்காதே என்றாய், வைத்தேன். உன் தம்பி ஒருவருக்கும் கெடுதல் செய்யவில்லை, அவன் திருத்திவிட்டுத்தான் போனான், இதை மட்டும் நீ மனதில் வைத்துக்கொள். பழி என்னுடையது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, லியாவ் அம்மாளிடமும் சொல்லவில்லை, அவள் நன்றி சொன்னபோது, அந்த மெனு நான் போட்டது என்றாவது சொல்ல வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தாய்ச்சுங் போய் அவள் எதிரில் நின்று சொல்லப்போகிறேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

அதற்குமுன் உன்னால் ஒன்று ஆக வேண்டும். சனிக்கிழமையிலிருந்து நான்கு நாள் விடுமுறை, நேற்று இரண்டு பையன்கள் கயிறும் மூட்டையுமாகக் கடையில் உட்கார்ந்து அருவி வழி என்று பேசிக்கொண்டிருந்தார்கள், நான் கரண்டியோடு ஓடிப்போய், போகாதீங்கடா கண்ணுங்களா என்று கத்தினேன், என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். காரணம் சொல்லாமல் நான் கேட்டதற்காக, பழைய பதிவுக்குக் கீழே ஜிங்-யி எச்சரிக்கை எழுதிப் பார்த்தாள், நூற்று நாற்பது பின்னூட்டங்களுக்கு அடியில் அதை யார் பார்ப்பார்கள்? தேடினால் இன்றைக்கும் அந்த நனைந்த படம்தான் முதலில் வருகிறது. எனக்குப் பாஸ்வேர்டு வேண்டாம், கொடுத்தாலும் வாங்க மாட்டேன். நீயே மெனுவைத் திரும்பப் போடு. ஒரே ஒரு வரி போதும், அருவி வழியில் போகாதீர்கள் என்று, அதை அமுக்கினால் அவனுடைய ஒன்பது வரிப் பதிவுக்குப் போக வேண்டும். நீ படித்தவள், இரண்டு பதிவையும் திறந்து தேதியைப் பார்த்துவிட்டுச் சேர்.

நீ நல்ல சுகத்தோடு, நல்ல மனிதர்களுக்கு நடுவில், நூறு வருஷம் இருக்க வேண்டும். சளி பிடித்தால் அலட்சியமாக விடாதே, இஞ்சியும் வெல்லமும் போட்டுக் குடி. என்னோடு பேசச் சொல்லி நான் கேட்கவில்லை, கோபம் இருந்தால் இருக்கட்டும், அதற்கு உனக்கு உரிமை உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஒரு வரியைப் போட்டுவிடு. அவன் என்னைத்தான் சொல்லச் சொன்னான், என்னால் முடியவில்லை, நீ சொல்.

உங்கள் இருவரின்
அம்மா