இரண்டு மணி விமானம்

அப்பா,

உங்கள் முதல் திவசத்துக்கு அக்கா வருகிறாள். அவளுடைய டிக்கெட்டை நேற்று பதுளையில் இன்டர்நெட் கடையில் அச்செடுத்தேன். குவைத்தில் புறப்பாடு அதிகாலை இரண்டு. அடியில் பொடி எழுத்தில், நேரங்கள் அந்தந்த நாட்டு நேரம் என்று ஒரு வரி. அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

அம்மாவை எடுத்த அன்றும் இதே இரண்டு மணி விமானம்தான். முதல் நாள் அக்கா தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் போனில் அழுதாள். "ரெண்டு மணிக்கு ஏறுறேன்டா. அஞ்சேகால் மணி நேரமாம். நான் மொகத்தப் பாக்காம அம்மாவ எடுத்துறாதீங்க." லயத்து வீடுகளில் கணக்குப் படித்தவன் நான் ஒருவன், பதுளையில் டியூஷன் வேறு. ஏழேகாலுக்குக் கட்டுநாயக்கா ஏர்போர்ட், அங்கிருந்து வேனில் ஆறு மணி நேரம், எப்படியும் இரண்டு மணிக்குள் நம் ஹல்துமுல்லை என்று உங்களிடம் அடித்துச் சொன்னேன். அதை நம்பி நீங்கள் மாமாவிடம் சொல்ல, மூன்று மணிக்கு எடுப்பதென்று முடிவாயிற்று.

மூன்றரைக்கும் வேன் வரவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெட்டிய குழியில் தண்ணீர் நிற்கும் என்று ஆட்கள் முனகினார்கள். மொனராகலையிலிருந்து வந்தவர்களுக்குக் கடைசி பஸ் கவலை. விமானம் தாமதமா என்று போனில் கேட்க நான் ஆபீசுக்கு ஓடினேன். கிளாக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க ரெண்டுன்னா இங்க நாலரை தம்பி. ரெண்டரை மணி நேரத்த விட்டுட்டியே!"

திரும்பி ஓடி வருவதற்குள் பாடையைத் தூக்கியிருந்தார்கள். நல்லவேளை, பாதி வழி வளைவில் இறக்கித் தலைமாடு கால்மாடு மாற்றுவது நம் வழக்கம். அந்த வளைவில்தான் உங்களைப் பிடித்தேன். நாலரைக்கு மேல்தான் வருவாள் என்று காதில் சொன்னேன். நீங்கள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்து பாடைக் கம்பைக் கட்டிக்கொண்டீர்கள்.

"எம்மக வரட்டும். அதுக்கு முந்தித் தூக்குனா என்னையும் சேத்துப் பொதைங்க."

மச்சானுக்கு முன்னால் அதுவரை குரல் உயர்த்தியதில்லை நீங்கள்.

"யாரு போட்ட கணக்குய்யா இது?" என்று மாமா கத்தினார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நகர, நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்.

"நாந்தான் மச்சான். தப்பாப் போட்டுட்டேன்."

கையில் கடிகாரமே கட்டியதில்லை நீங்கள். மழை கொட்டியது. அம்மாவுக்குக் குடை பிடித்தார்கள், கோபத்தில் உங்களுக்கு யாரும் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை அப்பா, பக்கத்தில் வந்தால் உண்மை தெரிந்துவிடுமோ என்று பயம். ஐந்தரைக்கு வேன் வந்தது. அக்கா முகம் பார்த்தாள்.

கடைசிவரை நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அக்காதான் போனில் இன்றும் சொல்வாள்: "அப்பா போட்ட கணக்குல அன்னைக்கு அம்மாவ நடுரோட்டுல நனைய வச்சாச்சு. பாவம், படிக்காத மனுசன்." நானும் பத்து வருடமாக 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை அவளைக் கூட்டிவர நானே கட்டுநாயக்கா போகிறேன். திரும்பி வர ஆறு மணி நேரம், வேனில் அவள் என் பக்கத்தில்தான் இருப்பாள். அது யார் போட்ட கணக்கு என்று அவளிடம் எப்படித் தொடங்குவது, அப்பா?