ஜோடிச் சக்கரம்

என்னங்க,

ஆறு தடவை போன் பண்ணிட்டேன், எடுக்க மாட்டேங்கிறீங்க. கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம். பாப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. உங்க தங்கச்சி பக்கத்துல இருக்கா. நான் மாத்துத்துணி எடுக்க வந்தேன்.

நான் பெருக்கித் தள்ளிட்டேன்னு நாலு நாளா வீட்டையே ரெண்டு பண்ணினீங்களே, நீங்க செஞ்ச அந்த ரெசின் பிளாஸ்டிக் பொம்மை விமானத்தோட சக்கரம், அது பாப்பா மூச்சுக்குழாய்ல இருக்கு. நாம சளி மருந்து கொடுத்துட்டு இருந்திருக்கோம். நீங்க கத்தினதுல பயந்து அவ வாயே திறக்கலை. காலையில மூச்சுத் திணறினப்போதான், வாயில போட்டு விளையாடினதைச் சொன்னா.

ரெசின் எக்ஸ்ரேயில தெரியலை. அளவு பார்க்கணும், அதே மாதிரி இன்னொண்ணு கொண்டாங்கன்னார் டாக்டர். விமானத்தோட மறுபக்கச் சக்கரத்தை நீங்க ஒட்டிப் பெயின்ட்டும் அடிச்சிருந்தீங்க. கட்டரால வெட்டி எடுத்துட்டேன். இறக்கையும் முறிஞ்சிடுச்சு. எப்படியும் பறக்காத விமானம்தானே.

அடுப்பு மேல சாப்பாடு இருக்கு. சாப்பிட்டுட்டே வாங்க, ராத்திரி முழுக்க இருக்கணும். சாவியைக் கீழ்வீட்டு அக்காகிட்ட கொடுத்துடுங்க.

இன்னொண்ணு. கிளம்பும்போது பாப்பா கேட்டா: "சக்கரத்தை உடைக்காம எடுப்பாங்களாம்மா? அப்பாகிட்ட கொடுக்கணும்."