படலம் இல்லாத கண்ணாடி

24-10-88, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போதே செருப்பு வார் அறுந்தது. ராஜபாளையம் வரை ஊக்கு. கல்லூரி ஆய்வகத்தில் நாள் முழுக்க வெறுங்கால்.

மூன்றாவது சாயப் படலத்திலும் மீட்டர் முள் ஏறியது. விளக்கைப் போட்டால் 14, அணைத்தால் இறக்கம். ஆறு வருடமாகக் கண்ணாடிச் சில்லில் பூசிப் பூசி அழித்த சாயம், ஒருவழியாக வெளிச்சத்தில் மின்சாரம் கடத்துகிறது. டிசம்பரோடு பிஎச்.டி. பதிவு முடிகிறது. இனி நீட்டிப்பு கிடையாது. அதற்குள் இது. திரும்பும்போது பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

என் வழிகாட்டி மதுரைப் பேராசிரியருக்கு முதல் இரண்டு எண்களைச் சனிக்கிழமையே போனில் சொல்லியாயிற்று. கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பிவிட்டாராம். இனி அவர் பே.

வாங்க: செருப்பு. அம்மாவுக்கு இருமல் மருந்து. பே.வுக்குப் பால்கோவா அரைக் கிலோ (கேட்க மாட்டார், எதிர்பார்ப்பார்).

25, செவ்வாய்

மழை. புதுச் செருப்பு கடிக்கிறது.

பாதி உரிந்துபோன படலம் ஒன்று. தூக்கிப் போடும் முன் சும்மா மாட்டினேன். 14.

உரிந்ததிலும் 14 எப்படி? படலத்தைப் பிடிக்கும் இரண்டு பித்தளைக் கிளிப்புகளைக் குனிந்து பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே, இரண்டையும் தொட்டபடி சந்தனம், மேலே குங்குமம். அட்டெண்டர் கருப்பையா அண்ணன் ஆயுத பூஜைக்கு வைத்தது. எல்லாக் கருவிக்கும் வைத்திருக்கிறார், பியூரெட்டுக்குக்கூட.

நோட்டைப் புரட்டினேன். முதல் 14 வந்தது பூஜை லீவு முடிந்த மறுநாள். அதற்கு முன் ஆறு வருடமும் பூஜ்யம். மழை ஈரத்தில் ஊறிய பொட்டு விளக்குச் சூட்டில் மின்சாரம் கடத்தியது, அவ்வளவுதானா? என் சாயம் ஒன்றுமே செய்யவில்லையா?

பொட்டையே முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வாசலில் க. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோதுதான் கவனித்தேன்.

26, புதன்

வெயில். ஆய்வகம் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. ஒரு பொட்டு இல்லை.

"நீங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக, ஒங்களுக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தோணாமப் போச்சு மேடம். அம்புட்டையும் தொடச்சிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

பிடிக்காமல் இல்லை அண்ணே என்றேன். நம்பவில்லை.

நல்ல படலத்தை மாட்டினேன். முள் அசையவில்லை.

ஆபீஸ் போனில் பே. எல்லாம் சொன்னேன். மண்ணெண்ணெய் பட்ட கிளிப்பில் எப்படி ஏறும் என்கிறார். ஈரம், பொட்டு என்று பேப்பரில் எழுத முடியுமா என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வந்தது வந்ததுதான்மா. பழைய எண்களை வச்சு எழுதுங்க. இனி எதையும் சோதிக்க வேண்டாம்."

கோபம் வந்தது. அதைவிட ஆசை வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. பொட்டும் போயிற்று, க. அண்ணனுக்கும் விஷயம் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் டாக்டர் பட்டம்.

பஸ்ஸில் யாரோ: "வாரது வரட்டும்னு இருக்க வேண்டியதுதான்." என்னிடம் சொல்லவில்லை.

27, வியாழன்

காலை ஜெபத்தில் என்ன கேட்பதென்று தெரியவில்லை. முள் ஏற வேண்டும் என்றா, ஏறக் கூடாது என்றா. பாதியில் எழுந்துவிட்டேன்.

இருமல் மருந்து மறுபடி மறந்தேன்.

வெறும் கண்ணாடிச் சில்லைக் கழுவி, காயவைத்து, கிளிப்பில் மாட்டினேன். சாயம் இல்லை, படலம் இல்லை. விளக்கு. பூஜ்யம். அணைத்தேன்.

க. அண்ணனைக் கூப்பிட்டு, அன்றைக்கு வைத்த மாதிரியே இங்கே ஒரு பொட்டு வையுங்கள் என்றேன். என் முகத்தையே பார்த்தார்.

"இன்னைக்கு என்ன விசேஷம் மேடம்?"

ஒன்றுமில்லை, வையுங்கள் என்றேன். ஓடிப்போய்ச் சந்தனம் உரைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். மோதிர விரலால் சந்தனம், அதன்மேல் குங்குமம், கொஞ்சம்கூடச் சிந்தாமல்.

விளக்கைப் போட்டேன். முள்ளைப் பார்க்கத் தைரியமில்லை. நோட்டைத் திறந்து தேதி எழுதிக்கொண்டிருந்தேன். அவர்தான் பார்த்தார்.

"ஏறுது மேடம்."

ஆமாண்ணே என்றேன். எழுதினேன்: படலம் இல்லை. 14.