வலை மண்டபத்து மேற்குச் சுவரை ஊர் பார்க்க அளக்கும்படி கேட்டு

அனுப்புநர்:
திருமதி யசிந்தா இன்னாசித்தம்பி,
நங்கூர ஒழுங்கை,
குருநகர், யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: நங்கூர ஒழுங்கைக் கடற்றொழிலாளர் சங்கத்தின் புதிய வலை மண்டபத்து மேற்குச் சுவர் சரிந்திருப்பதும், அந்தச் சரிவின் பழியை என் கையில் போட்டு என்னைச் சபையில் அவமானப்படுத்தியதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 'பொதுநலன் கருதி' என்று தொடங்கினால்தான் இப்படியான மனுக்களை வாசிப்பார்கள் என்று பலரும் எனக்குச் சொன்னார்கள். எனக்குப் பொய்யெழுத வராது. என் வயிறு எரிகிறது; அதனால் எழுதுகிறேன். ஆனால் வயிற்றெரிச்சலில் எழுதினாள் என்பதற்காகச் சரிந்த சுவர் நிமிர்ந்துவிடாது என்பதைத் தாங்கள் மனதிற்கொள்ள வேண்டும்.

2. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. போன வருடம் வலது தோள்மூட்டு இறுகி, சீப்பால் தலை இழுக்கக்கூடக் கை உயராமற் போயிற்று. ஆஸ்பத்திரியில் காட்டித் தந்த பயிற்சிகளைச் செய்தால் அழுகை வந்தது. சுவிஸில் இருக்கும் என் தமக்கையின் மகள் ஜெசிதா தொலைபேசி வீடியோவில் என் அழுகையைப் பார்த்துவிட்டு, "சின்னம்மா, உதைக் கொஞ்சம் விட்டிட்டு இதைச் சுத்திப் பாருங்கோ" என்று பொயி என்னும் ஆட்டத்தைக் காட்டினாள். நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய ஆட்டமாம். கயிற்று நுனியில் பாரத்தைக் கட்டி, கைக்கு ஒன்றாக இரண்டைச் சுழற்ற வேண்டும். நான் பழைய கால் சொக்ஸ் இரண்டுக்குள் பயறு போட்டு முடிந்துகொண்டேன். முதற்கிழமையில் என் நெற்றிக்கும் காதுக்கும் எங்கள் வீட்டு மின்குமிழ் ஒன்றுக்கும் சேதம் ஏற்பட்டது. அதற்காக எவர் மீதும் எனக்கு முறைப்பாடு இல்லை. மூன்றாம் மாதம் என் கை தலைக்கு மேலே உயர்ந்தது. அன்று நான் அடைந்த சந்தோசத்தைத் தங்களுக்கு எழுதி விளங்கப்படுத்த முடியாது.

3. ஐயா, சுழற்றுவது பெரிய வித்தையல்ல. சுற்றும் வட்டம் அங்கும் இங்கும் சாயாமல், தாம்பாளத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தது போல ஒரே நேராக நிற்க வேண்டும். பழகத் தொடங்கியவர்களுக்கு இதுதான் பிடிபடாத இடம். அதற்கு ஒரு வழியுண்டு. நேரான சுவருக்கு முன் நெருங்கி நின்று சுழற்றினால், வட்டம் சாயும் பக்கத்தில் பாரம் சுவரில் முட்டும். முட்டாமல் சுழலும் நாளில் கை நேராகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டைச் சுற்றித் தகரவேலி. ஆகவே அப்போதுதான் பூச்சு முடிந்திருந்த வலை மண்டபத்தின் மேற்குச் சுவருக்குப் போனேன். அந்த மண்டபத்தைப் பொறுப்பெடுத்துக் கட்டியவர் சங்கத் தலைவர் திரு. ம. கனிசியஸ் அவர்கள். அங்கே பழகக் கூடாது என்று அந்த நேரம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

4. கீழே முட்டவில்லை. பக்கத்தில் முட்டவில்லை. மேலே போகும்போது மட்டும் ஒவ்வொரு சுற்றும் சுவரில் 'டொக்' என்று முட்டியது. ஜெசிதா வீடியோவைப் பார்த்து, மணிக்கட்டைத் திருப்பாதேங்கோ, தோளைத் தளர்த்துங்கோ என்றாள். எல்லாம் செய்தேன். ஈற்றில் வட்டத்தின் மேற்பக்கத்தை என் முகத்தை நோக்கிச் சற்றே இழுத்துச் சுழற்றப் பழகினேன். முட்டுவது நின்றது. நேராகிவிட்டேன் என்று நம்பி, வீட்டுக்குப் போய் இறைச்சிக் கறி காய்ச்சினேன்.

5. ஓகஸ்ட் மாதம் எங்கள் தேவாலயப் பங்குத் திருவிழாக் கலை நிகழ்வில், நாடா கட்டிய பொயியுடன் மேடையேறினேன். மேடையில் எனக்கு முன்னால் சுவர் இல்லை. கை பழகிய பழக்கத்திலேயே சுழன்றது. இரண்டாம் சுற்றிலேயே வலது பொயி என் முகத்தில் அடித்தது; மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்தது. அன்று அறிவிப்பாளராக நின்றவரும் கனிசியஸ் அவர்கள்தான். ஒலிபெருக்கியில் அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "சனங்களே, பயப்பிடாதேங்கோ! அக்கா எங்கடை புதுச் சுவரைப் பாத்துத்தான் பழகினவ. சுவர் நேராத்தான் நிக்குது. அக்காவின்ரை கைதான் கோணல்!" முழுப் பங்கும் சிரித்தது. குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியபடி நானும் சிரித்தேன். அதைத்தான், ஐயா, என்னால் மறக்க முடியவில்லை.

6. அன்று தொடக்கம் என் பெயர் கோணற்கை அக்கா. யாரோ பிடித்த வீடியோ சுவிஸ் வரைக்கும் போய்விட்டது. சந்தையில் மீன் நிறுக்கிறவள், "கோணற்கை அக்கா வாறா, தராசு கவனம்" என்கிறாள். பூசைக்குப் போனால் பின்வரிசை வாங்கில் குசுகுசுக்கிறார்கள். நான் பொயியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். கை திரும்பவும் இறுகத் தொடங்கியது.

7. அயல்வீட்டு ஸ்ரெல்லா என்னை விடவில்லை. தன் வீட்டின் பின்சுவர் அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், அதில் பழகு என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். கனிசியஸின் சுவரில் பழகியபடி சுழற்றினேன். பொயி என் நெற்றியில் அடித்தது. கோபத்தில், ஆகத் தொடக்கத்தில் சுழற்றியது போல, எதையும் இழுக்காமல் சும்மா சுழற்றினேன். சுவரில் முட்டவேயில்லை. மேலும் இல்லை, கீழும் இல்லை. ஸ்ரெல்லா மூக்கில் விரலை வைத்துக்கொண்டு, "எடியே யசிந்தா, உன்ரை கையிலை ஒரு பிழையும் இல்லையடி. போய் உவன்ரை சுவரைப் பார்" என்றாள். என் கணவரின் வலையிலிருந்து ஓர் ஈயக் குண்டைக் கழற்றி, நைலோன் நூலில் கட்டி, ஏணி வைத்து மேற்குச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டேன். இவர் ஏணியைப் பிடித்தார். உச்சியில் சுவரோடு ஒட்டியிருந்த நூல், அடியில் சுவரை விட்டு நாலு விரற்கடை வெளியே நின்றது. சுவர் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறது. காலை நிழலுக்கு ஆண்களும் பெண்களும் திருத்த வேண்டிய வலையோடு வந்து குந்துவது அதே பக்கந்தான்.

8. ஒளித்து மறைக்காமல் நேரே கனிசியஸ் அவர்களிடம் போய்ச் சொன்னேன். "சொக்ஸுக்கை பயறு போட்டுச் சுத்துற நீங்களோ எனக்குச் சுவர் படிப்பிக்கிறியள்? போய் அந்தப் பயறை அவிச்சுச் சாப்பிடுங்கோ, அக்கா" என்றார். மறுநாள் சுவரடியில் சல்லிக்கல் குவிக்கப்பட்டு, 'வெளியார் உட்புகத் தடை' என்று பலகையும் நடப்பட்டிருந்தது. சுவரின் வடக்கு மூலையில் தெரிந்த வெடிப்புக்கு மேல் வெள்ளை பூசியிருந்தார்கள். நேரான சுவருக்கு எதற்கு ஐயா இவ்வளவு காவல்?

9. வருகிற மாதம் திறப்புவிழா. அந்த மேற்குச் சுவரில்தான் தன் பெயர் பொறித்த கல்லைப் பதிக்கப்போகிறாராம். அளக்காமல் அந்தக் கல் ஏறிவிட்டால் அவர் சுவர் நேர், என் கை கோணல் என்று எழுதி முடித்ததாகிவிடும். நான் செத்தாலும் அந்தப் பெயரோடுதான் சேமக்காலைக்குப் போவேன். ஆகவே தங்களிடம் பணிவாகக் கேட்பவை:

அ. திறப்புவிழாவுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரத்தில், தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு சுவரை அளப்பிக்க வேண்டும். நூலின் நுனியைக் கனிசியஸ் அவர்களே பிடிக்க வேண்டும்.

ஆ. அதுவரை சுவருக்கு முட்டுக்கொடுக்கவோ திருத்தவோ அவரை விடக் கூடாது. அங்கே குந்துகிற எல்லோரையும், என் கணவர் உட்பட, கிழக்குப் பக்கம் எழுப்பி அனுப்பிவிட்டேன். சிலர் முறுமுறுத்தார்கள், வலையைத் தூக்கிக்கொண்டு நானே முன்னால் நடந்தேன். இந்த விடயத்தில் நான் செய்யும் புண்ணியம் அவ்வளவுதான்.

இ. இதை மத்தியஸ்த சபைக்கு அனுப்ப வேண்டாம். அங்கே தேநீர் தந்து கைகொடுக்கச் சொல்வார்கள். எங்கள் பங்குச் சுவாமியாரும் மன்னிக்கச் சொன்னார். அளந்து முடியட்டும், பிறகு யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

10. கடைசியாக ஒன்று. கனிசியஸின் சுவர் என் கையில் ஏற்றிய சரிவை ஸ்ரெல்லாவின் சுவரில் கொஞ்சங்கொஞ்சமாகக் கழற்றிவிட்டேன். இப்போது என் வட்டம் நேராக நிற்கிறது. அளந்த கையோடு, அதே மேற்குச் சுவருக்கு முன் நான் பொயி சுழற்றிக் காட்டத் தாங்கள் அனுமதிக்க வேண்டும். மேலே போகும்போது அது சுவரில் முட்டும். முட்டுகிற ஒவ்வொரு தரமும், எது கோணல் என்பதைக் கனிசியஸ் அவர்கள் அதே ஒலிபெருக்கியில், அதே குரலில் அறிவிக்க வேண்டும். சனம் சிரிக்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும். அந்த நேரத்தில் எப்படிச் சிரிப்பதென்று அவருக்குத் தெரியாவிட்டால், பக்கத்தில் நின்று நான் காட்டிக் கொடுப்பேன்.

தாங்கள் நாள் குறித்து அறிவிக்கும்வரை தினமும் பழகியபடி காத்திருக்கும்,

(ஒப்பம்) யசிந்தா இன்னாசித்தம்பி
வலது கையால்

இடம்: குருநகர்
திகதி: 2025.10.06

பிரதி: திரு. ம. கனிசியஸ் அவர்கள், சங்கத் தலைவர். தபாலில் அனுப்பவில்லை, நானே நேரிற் கொண்டுபோய்க் கொடுப்பேன்.