ஜன்னலோரப் பாய்

அண்ணே,

இன்றைக்கு மத்தியானம் என் மகள் முகம் மறையப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினாள். பரீட்சைக்கு விடிய விடியப் படித்த அசதி. துணி மடித்து வைக்கப் போன நான், அந்தக் கோலத்தைப் பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போர்வையைப் பிடுங்கி வீசினேன். பிள்ளை அலறியடித்து எழுந்தது. "லூசாம்மா நீ? நான் மூஞ்சிய மூடினா உனக்கு இன்னா?" என்று கத்தினாள். இந்த வீட்டில் யாரும் முகம் மூடித் தூங்கக் கூடாது. அவள் பிறந்ததிலிருந்து இருக்கிற சட்டம் அது. காரணத்தை மட்டும் நான் சொன்னதில்லை.

காரணம் நீதான். உன்மேல் எனக்கு இன்னமும் கோபம் கோபமாக வருகிறது. செத்துப்போனவன் என்பதற்காக உன்னைச் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

இருங்காட்டுக்கோட்டையை ஒட்டிய எங்கள் நெல்வயல் கம்பெனிகளுக்குப் போனது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். என் கூடப்பிறந்த அண்ணன் குமாருக்குப் படிப்பு பத்தவில்லை, எனக்குக் கிடைத்தது. அவன் ரோட்டோரம் நின்றுகொண்டு, பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கும் தெற்கத்திப் பையன்களை முறைத்துக்கொண்டிருப்பான். "நெலம் நம்மளுது, சோறு அவனுங்களுக்கா?" என்று பல்லைக் கடிப்பான்.

அப்படி வந்து இறங்கியவர்கள்தான் நீயும் சுடலையும். திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர். நீ ஒரு வருஷம் முன்னால் வந்ததால் எங்கள் பேச்சு உனக்குப் பழகியிருந்தது. அவருக்கு ஒன்றும் விளங்காது. "சுடலையா? இன்னாய்யா பேரு அது, சுடுகாட்டு பேரு" என்று நான் சொல்ல, கம்பெனி லைனே சிரித்தது. "எங்க சாமி பேரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் கேன்டீனில் போய், "கோச்சிகினியா?" என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். நீ நடுவில் புகுந்து, "கோவமான்னு கேக்கால" என்றாய். "இல்லன்னு சொல்லு" என்றார் அவர். "இல்லியாம்" என்றாய் என்னிடம். அடப்பாவி, நாங்கள் ரெண்டு பேரும் பேசியது தமிழ்தான்! அப்படித்தான் உன் வாய் வழியாகவே நாங்கள் காதலித்தோம்.

உங்கள் அறையில் ஆறு பேருக்கு மூன்றே பாய். நைட் பார்த்துவிட்டு வருகிறவன், டே ஷிப்ட்டுக்குப் போனவனின் பாயில் விழுந்து தூங்குவான். ஜன்னலோரப் பாய் உனக்கும் அவருக்கும். "ஒரு வருசமா ஒரே பாயில படுக்கோம் தாயி, ஒருநாளும் சேந்து தூங்குனதில்ல" என்று சிரிப்பாய்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் இல்லை. குமாரும் கூட்டாளிகளும் டீக்கடையில் உங்களை வளைத்து சைக்கிள் செயினால் அடித்தார்கள். பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லையாம், அதுதான் குற்றம். உன் புருவம் கிழிந்து தொங்கியது. உங்கள் பையன்களும் லேசுப்பட்டவர்களா? மறுவாரமே எங்கள் தெருப் பையனின் கையை முறித்துப் போட்டார்கள். கட்டுப் போட்ட முகத்தோடு நீ கேன்டீனுக்கு வந்தபோது, அடித்தவன் என் கூடப் பிறந்தவன் என்ற வெட்கத்தில் நான் அழுதேன். நீ உன் தட்டை என் பக்கம் தள்ளினாய். "பயந்தா பசிக்கும் தாயி. மொதல்ல தின்னு."

விஷயம் வீட்டுக்குத் தெரிந்த அன்று குமார் என் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து ஆட்டுக்கல்லில் மோதினான். நைனா வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அம்மா குமாரின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள், அவளையும் உதைத்தான். பேரு, ஷிப்ட், ரூம், ஜன்னலோரப் பாய் என்று எல்லாவற்றையும் யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். அந்தப் பேருக்கு எந்த முகம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. "எவன்னு காட்டுடி! எல்லாம் ஒரே மாதிரி கீறானுங்க!" என்று என் வாயில் ரத்தம் வரும்வரை அடித்தான். நான் காட்டவில்லை. அவரைக் கொல்லாமல் இவன் அடங்கமாட்டான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓடிப்போகத் திட்டம் போட்டவன் நீ. சுடலைக்கு அந்த வாரம் நைட். வேலைக்கு வரவில்லை என்றால் சேதி ஊருக்குள் போய்விடும் என்று அவருடைய நைட்டை நீ பார்த்தாய். காலையில் அம்மாவே கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். ஹைவேயில் குமாரின் ஆட்கள் நிற்பார்கள் என்று சுற்றிக்கொண்டு படப்பைக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். சுடலை நின்றிருந்தார், கையில் நீ கொடுத்தனுப்பிய கடலை மிட்டாயோடு. தாம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்து அதைக் கடித்துக்கொண்டே, "பயந்தா பசிக்கும்" என்று உன்னைப்போலப் பேசிக் காட்டிச் சிரித்தோம். அதே நேரத்தில்தான் உன்னைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

உன் ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம்; பின்னாலேயே உன் உடம்பும் வந்தது. உன் அம்மா மண்ணை வாரி என் முகத்தில் இறைத்தாள். "எம்புள்ளய முழுங்கிட்டு வந்து நிக்கா பாரு!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். நான் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

ஆள் மாறிப்போய் அடித்துவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உங்கள் அறையின் ஓனரம்மா கோர்ட்டில் வந்து சாட்சி சொன்ன பிறகுதான் தெரிந்தது, நீ என்ன காரியம் செய்தாய் என்று.

நைட் பார்த்த அலுப்பில் நீ முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாய். குமாரும் என் சித்தப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் உள்ளே புகுந்தார்கள். நான் வீட்டில் இல்லை என்பது அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. சுடலை அறையில் இல்லையென்றால் நேராகப் படப்பைக்கும் தாம்பரத்துக்கும் விரட்டிப்போக, சந்து முனையில் ரெண்டு பைக் இன்ஜினை அணைக்காமல் நின்றது. போர்வைக்கு மேலேயே இரும்பு பைப்பால் உன் முழங்காலை உடைத்தார்கள். அப்புறம் போர்வையைக் கிழித்து, "நீதானடா சுடலை?" என்று கேட்டான் குமார்.

தலைமாட்டில் உன் கம்பெனி அட்டை கிடந்தது, போட்டோவோடு, பேரோடு. விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். நீ உன் பேரைச் சொல்லியிருந்தால் போதும்!

"அந்தப் புள்ள 'ஆமா'ன்னுச்சுங்க" என்றாள் ஓனரம்மா. "'இவனே இங்க கீறான், அவ எங்க போயிடப் போறா, வண்டிய ஆப் பண்ணு'ன்னான் இவுங்க அண்ணன். அப்பறம்தான் கத்திய எடுத்தாங்க. வாசல் வரிக்கும் ரத்தங்க."

"யாருடா உன்னைக் கேட்டது?" என்று நான் கோர்ட்டிலேயே கத்திவிட்டேன். கூண்டில் நின்ற குமார், தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்தான். நான் உன்னிடம் கத்தினேன் அண்ணே.

குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நாங்கள் வீடு மாற்றி மாற்றி, கடைசியில் படப்பையில் ஒரு வீட்டில் ஒதுங்கினோம். போகிற இடமெல்லாம் தண்ணீர்க் குழாயடியில் யாராவது ஒருத்தி கேட்பாள், "அந்தக் கேஸு பொண்ணு நீதானே?" என்று. "ஐயோ, நான் இல்லீங்க" என்பேன். கொஞ்ச நாளில் அந்த இடத்தையும் காலி செய்வோம். சுடலை இன்றைக்கும் பாயில் பாதிக்கு மேல் படுப்பதில்லை.

மகளுக்குக் காது குத்தியபோது, "தாய்மாமன் எங்கே, பிள்ளையை மடியில் வைக்க வேண்டாமா?" என்றார் ஆசாரி. சுடலை எழுந்துபோய் ஒரு கோரைப்பாயைக் கொண்டுவந்து விரித்தார். பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்தே குத்தினோம். வந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்த போட்டோ இன்னும் எங்கள் சுவரில் தொங்குகிறது.

இன்றைக்குப் போர்வையைப் பிடுங்கிய பிறகு மகள் கத்தி முடித்துப் போர்வையை மடித்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பக்கத்து வூட்டு அக்கா சொல்லுது. ஒரு கொலை கேஸ்ல ஓடிப்போன பொண்ணு... நீதானாம்மா?"

'இல்லை' என்பது வழக்கம்போல வாய்வரை வந்துவிட்டது. அவளைப் பார்த்தேன். அப்பன் முகம் அப்படியே.

"ஆமா" என்றேன்.

அவள் அழவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன்னைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன்: கேன்டீன், கடலை மிட்டாய், ஜன்னலோரப் பாய், நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை. கேட்டு முடித்ததும் சுவரில் இருந்த போட்டோவைக் கையில் எடுத்தாள்.

"அப்ப என்னை பாயில உக்கார வெச்சு காது குத்தினது..."

"ஆமாடி," என்றேன். "அது உன் மாமன் மடி."