ஒரு ரவை மட்டும் போடும் துவக்கு

அப்பா,

இன்று பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்ததும் வீடெல்லாம் துவக்கு எண்ணெய் மணந்தது. பொலிஸ் உங்கள் ரைபிளைத் திருப்பித் தந்திருக்கிறது. அம்மா அதைச் சமையலறை மேசையில் கிடத்தி, நுனிவரை துவாயால் மூடியிருந்தார். சனிக்கிழமை கடைக்காரர் வந்து எடுத்துப் போவாராம்.

அம்மா குளிக்கப் போன நேரத்தில் துவாயை விலக்கினேன். கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தேன். குழலை அடைத்து நிற்கும் இரும்புக் கட்டை அப்படியே கீழே இறங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. குழலின் மறுமுனையில் சன்னல் வெளிச்சம் சிறு வட்டமாகத் தெரிந்தது. உங்களுக்கு இந்தத் துவக்கில் பிடித்ததே இந்தக் காட்சிதான்.

நீங்கள் வேட்டைக்காரர் ஆனது ஒரு கறிச்சட்டியிலிருந்து. நீங்கள் சமையல் வேலை செய்த ஹோட்டலின் கட்டடப் பராமரிப்பாளர் ரேத்தோ, ஒரு செப்டெம்பரில் தான் சுட்ட கெம்ஸ் என்னும் மலையாட்டின் தொடையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். நீங்கள் அதை யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு வேலையாட்களுக்குச் சமைத்தீர்கள். அடுத்த வருடம் அவர் உங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "நானும் வேட்டைப் பரீட்சை எடுக்கப்போறன்" என்றீர்கள்.

"ஆடுதானே? துருக்கிக்காரன்ர கடையிலை வெட்டியே தருவான். மலை ஏற வேணுமோ?" என்றார் அம்மா.

"இது ஓடுற ஆடு, அப்பா."

அம்மாவை நீங்கள் அப்பா என்று கூப்பிடுவது என் வகுப்புத் தோழிகளுக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

பரீட்சை ஜெர்மன் மொழியில். புத்தகமோ செங்கல் தடிப்பு. அதனால் ஒரு குளிர்காலம் முழுக்க நான் கேள்வி கேட்டேன், நீங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டே பதில் சொன்னீர்கள். எந்தக் கேள்வியில் தடுக்கினாலும் ஒரு கேள்வியில் மட்டும் தடுக்கியதே இல்லை. காயப்பட்ட விலங்கு ஓடிவிட்டால் வேட்டைக்காரர் என்ன செய்யவேண்டும்? இடத்தை அடையாளம் வைக்கவேண்டும், பின்னால் ஓடக்கூடாது, காத்திருக்கவேண்டும், நாயோடு தேடுபவரைக் கூப்பிடவேண்டும். நீங்கள் சொல்லி முடித்த ஒரு நாள், கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"பெரியண்ணைக்குக் காலிலை வெடி பட்டது. ரோட்டுக்கரையிலை இருத்திப்போட்டு, 'வண்டி பிடிச்சுக்கொண்டு வாறன், அசையாதைங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். வண்டியோடை வர அவர் இல்லை."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. அடுத்த கேள்வியைக் கேள், பிள்ளை."

பெரியப்பா சண்டையில் காணாமல் போனவர் என்றுதான் அம்மாவுக்குத் தெரியும். யார் இருத்திவிட்டுப் போனது என்று அம்மாவிடம் நீங்கள் சொல்லவில்லை.

துவக்குக் கடைக்கும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூட்டிப் போனீர்கள். கடைக்காரர் முதலில் காட்டியது மூன்று ரவை கொள்ளும் துவக்கு. நீங்களோ மூலையில் நின்ற இந்தப் பழையதைக் கையில் எடுத்தீர்கள். பின்னால் நீளமான பொறி இல்லாததால் முழுத் துவக்கும் குட்டையாக இருந்தது. மலை ஏறும்போது முதுகில் பாரம் தெரியாது, இரும்புக் கட்டை உறுதியானது, பழுதாகும் பாகங்கள் குறைவு என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். பிறகு விரல் மடக்கிக் குறைகளை எண்ணினார்: தவறினால் அடுத்த ரவையைக் கையால் போடவேண்டும், குளிரில் விரல் விறைக்கும், சுட்ட ரவையின் வெற்றுக் கோது சிலவேளை குழலுக்குள் இறுகி நிற்கும், அதற்குள் விலங்கு போய்விடும். நான் வரிக்கு வரி தமிழாக்கினேன். "அவர் சொல்லுறது சரி, அப்பா. மற்றதையே எடுங்கோ" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

நீங்கள் நெம்புகோலை இறக்கிக் காட்டினீர்கள். "இஞ்சை பார். திறந்தா எல்லாருக்கும் தெரியுது, உள்ளை ஒண்டுமில்லை எண்டு. எங்கட ஊரிலை துவக்கோடை வந்தவை ஒருத்தரும் இப்பிடித் திறந்து காட்டேல்லை."

"ஒண்டு குறி பிழைச்சா?"

"ஒரு வெடியோடை எனக்குக் காணும். அடுத்தடுத்து வெடிச்சா நான் இஞ்சை இருக்கமாட்டன், அங்கை, அந்தச் சண்டைக்குள்ளையே போயிடுவன்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. உங்களுக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "பிடிவாதக்காரர், ஆனால் நிதானமாகச் சுடுவார் போல" என்று கடைக்காரர் சிரித்தார். நிதானமாகத்தான் சுட்டீர்கள். நிச்சயமில்லாதபோது சுடாமலே இறங்கி வந்தீர்கள். "இண்டைக்கும் மரக்கறியோ?" என்று அம்மா வாசலிலேயே கேட்பார்.

இந்த செப்டெம்பரில் நடந்ததை ரேத்தோ எங்கள் சோபாவில் அமர்ந்து, கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு சொன்னார். அவர் எதிர்ச்சரிவில் நின்றார். பின்னேரம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் சுட்ட கணத்தில் ஆடு ஓர் அடி முன்னே வைத்துவிட்டது. ரவை வயிற்றில் பட்டது. அது ஓடவில்லையாம். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்படியே நின்றதாம். இன்னொரு சூடு போதும். நீங்கள் நெம்புகோலை இறக்கினீர்கள்; கோது வரவில்லை. விரலால் கிண்டி இழுப்பதை ரேத்தோ தொலைநோக்கியில் பார்த்தார். கோது வெளியே வந்தபோது ஆடு முகட்டுக்கு அப்பால் போய்விட்டது.

அவர் தொலைபேசியில் உங்களைக் கூப்பிட்டார். நில், பின்னால் போகாதே, இருட்டப்போகிறது, நாயோடு தேடுபவருக்குச் சொல்லிவிட்டேன் என்றார். உங்கள் பதிலை ரேத்தோ எனக்கு ஜெர்மனில் சொன்னார். உங்கள் ஜெர்மன் அவர் வாயிலிருந்து வந்தது.

"அது தனியாக நிற்கிறது" என்றீர்களாம்.

அதற்குப் பிறகு முகட்டுக்கு அப்பாலிருந்து, மலையருவியின் இரைச்சலைத் தவிர, அவருக்கு எதுவும் கேட்கவில்லை. காலையில் நாயோடு போனவர்கள் பாறைப் பிளவின் அடியில் உங்களைக் கண்டார்கள். துவக்கு முதுகில் கிடந்ததாம். பாறையில் கால் வைக்குமுன் ரவையை எடுத்துவிட வேண்டும் என்ற விதியை மறக்காமல், கட்டையை இறக்கியே வைத்திருந்தீர்களாம்.

செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் துவக்கைப் பற்றித்தான் கதைத்தார்கள். மூன்று ரவைத் துவக்கென்றால் இது நடந்திருக்காது என்றார்கள். அது உண்மை. கடையில் நானும் அதைத்தான் சொன்னேன். சரியாகச் சொன்னேன் என்பதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை.

அம்மா கேட்பது வேறு. "ரேத்தோ நில் எண்டவர்தானே. ஒரு மிருகத்துக்காக ஏன் பிள்ளை போனவர்? எங்களை நினைக்கேல்லையோ?" சோறு போடும்போது கேட்கிறார். உடுப்பு மடிக்கும்போது கேட்கிறார்.

நாயோடு தேடிய பெண் சென்ற கிழமை என்னை பஸ் தரிப்பிடத்தில் கண்டு நிறுத்தினார். பிளவுக்கு மேலே, புல்திட்டில், ஆடும் கிடந்ததாம். அதற்கு இரண்டு காயங்கள். இரண்டாவது கழுத்தில், மிகக் கிட்டத்திலிருந்து சுட்டது. "உன் அப்பா போனபோது அது உயிரோடு இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் சுடுகிறார்? திரும்பி வரும்போதுதான் சறுக்கியிருக்கிறார்" என்றார்.

ஆகவே நீங்கள் இரண்டாவது தடவையும் சுட்டீர்கள், அப்பா. அந்தச் சத்தம் உங்களை எங்கே கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். இங்கே அதைத் தெரிந்தவள் நான் மட்டும்தான். அந்த ஆடு தனியாகச் சாகவில்லை. நீங்கள் தனியாகச் செத்தீர்கள். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். அம்மா குளித்துவிட்டு வந்துவிட்டார். மேசைக்கு எதிரே இருந்து தலை துவட்டுகிறார். நீங்கள் ஏன் போனீர்கள் என்று இன்றைக்கு இன்னும் கேட்கவில்லை. கேட்டால், பெரியப்பாவை இருத்திவிட்டுப் போன ரோட்டிலிருந்து தொடங்குவேன்.