தையல் மெஷினுக்கு இரண்டு ஆள்

செவ்வாய், காலை

பக்கத்து வீட்டு மாப்பிள்ளைக்கு,

நலமா? நலம் என்று தெரியும். நீ இருமுவது சுவர் வழியாகக் கேட்கிறது. ஆனாலும் கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று முதியோர் கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சபதம் போட்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்போது எனக்கு எழுதத் தெரியாது!

நாளை ராத்திரி புயல் கரையைக் கடக்குமாம். மகள் வீட்டிலிருந்து உன் அக்கா போன் செய்தாள். "என் தம்பி அந்தத் தகரக் கூரைக்கடியில தனியா கிடந்தான்னா நான் திரும்பியே வரமாட்டேன், பாத்துக்குங்க" என்கிறாள். என் வீடு கான்கிரீட். ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. வந்துவிடு.

இவ்வளவு எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. பரவாயில்லை.

கைநாட்டை விட்டொழித்த
உன் அத்தான்

செவ்வாய், மதியம்

அத்தானுக்கு,

கதவுக்கடியில் கடிதம் கிடைத்தது. எழுத்தெல்லாம் குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றாலும் படிக்க முடிந்தது.

சீட்டில் நீங்கள் கள்ள ஆட்டம் ஆடினீர்கள் என்று நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் நான் வராததற்குக் காரணம் அது இல்லை. தையல் மெஷினை விட்டுவிட்டு எப்படி வருவேன்? ஒரு மழையில் நனைந்தால் போச்சு. எனக்குச் சோறு போடுவதே அதுதான். அது இருக்கும் இடத்தில்தான் நானும். அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

தையல்காரன்

செவ்வாய், மாலை

மாப்பிள்ளை,

மெஷினையும் கூட்டிக்கொண்டு வா. கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்கட்டும்.

ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டேன். குடம், வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாயிற்று. படகுகளைத் தெருவரைக்கும் இழுத்து வந்துவிட்டார்கள். ஒன்று என் வாசலிலேயே நிற்கிறது. அதன் பெயரை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு தடவை.

உன் அத்தான்

புதன், காலை

அத்தானுக்கு,

மெஷின் இரும்பு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். இன்றைக்குத் தெருவில் எல்லோருக்கும் அவரவர் வேலை. நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்றால், வாசற்படியில் "இறக்கு" என்று யார் சொல்வது? நாம்தான் பேசிக்கொள்வதில்லையே. சொல்லாமல் இறக்கினால் என் கால் போய்விடும். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

தையல்காரன்

புதன், காலையிலேயே

பிடிவாதக்காரா,

யாரும் பேச வேண்டாம். நான் ஒரு தடவை கனைத்தால் தூக்கு. இரண்டு தடவை கனைத்தால் இறக்கு. காற்று ஏறுகிறது. கதவைத் திற, வெளியேதான் நிற்கிறேன்.

உன் அத்தான்

வியாழன், காலை

மாப்பிள்ளைக்கு,

நேற்று படியில் உன் கால் வழுக்கியதும், "டேய், காலைப் பாருடா!" என்று கத்திவிட்டேன். "கனைக்கிறேன்னுதானே சொன்னீங்க?" என்றாய். அதோடு சபதம் போயிற்று. அப்புறம் வெளியே அடித்த காற்றைவிட உள்ளே நாம் போட்ட சத்தம்தான் அதிகம்.

விடிந்ததும் உன் வீட்டைப் போய்ப் பார்த்தேன். பாதிக் கூரை இல்லை. ஒரு தகரம் பிய்ந்து உன் கட்டிலில் விழுந்து கிடக்கிறது. நீ தலை வைக்கும் பக்கம். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தால், நீ வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறாய். நின்று கேட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

இதெல்லாம் எனக்கு வாயில் வராது. அதனால் எழுதி மெஷின் மேல் வைக்கிறேன். படித்ததும் என்னிடம் ஒன்றும் கேட்காதே. கூரைக்கு ஏணி வாங்கிவரப் போகிறேன். பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன், எழுந்ததும் குடி.

அன்புடன்
அத்தான்